கடை பூட்டு, தொழில் பூட்டேல்லை: அழகு நிலையங்களுக்காகச் சபை என்ன கேட்டிருக்க வேண்டும்?

2021 செப்டெம்பர். கொரோனாவுக்கான தனிமைப்படுத்தல் ஊரடங்கு. கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் அழகு நிலையத்தின் ஷட்டரில் இரண்டு ஆமைப்பூட்டுத் தொங்கின. அதை நடத்தும் அக்காவோ பின்னேரம் நாலு மணியானதும் ஸ்கூட்டியின் சீற்றுக்குக் கீழே கத்தரிக்கோல், நூற்கட்டை, கறுப்புச் சாயப் பக்கற் எல்லாவற்றையும் வைத்து, முன்னால் இரண்டு கட்டுக் கீரையைத் தொங்கவிட்டுக்கொண்டு உள் ஒழுங்கைகளால் புறப்படுவார். யாரும் மறித்தால் கீரை விற்கப் போகிறாராம்.

"கடை பூட்டுத்தான் தங்கச்சி, தொழில் பூட்டேல்லை" என்றார் என்னிடம்.

அந்தக் கிழமைதான் எங்கள் மாதர் சங்கம் கூடி (வைபரில்தான், வேறெங்கே கூடுவது) பிரதேச சபைத் தவிசாளருக்கு ஒரு கடிதம் எழுதியது. எழுதிய கை என்னுடையது. அழகு நிலையங்களையும் சலூன்களையும் திறக்கச் சபை குரல் கொடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தோம். ஒரு உறுப்பினர் அதை அப்படியே பிரேரணையாக்கினார், இருந்தவர்கள் கை உயர்த்தினார்கள், தீர்மானம் மேலே போனது. பதில் வரவில்லை. பிறகு ஒக்டோபர் 1ஆம் திகதி நாடே திறந்தபோது எங்கள் கடிதத்துக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

அந்தக் கடிதத்தின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது வாசித்தால் பதில் வராததில் ஒரு அதிசயமும் இல்லை. 'திறவுங்கள்' என்று மட்டும் கேட்டிருக்கிறோம். எந்த வேலைக்குத் திறப்பது, எத்தனை பேரை விடுவது, யாருக்காவது தொற்று வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. 2025 மே 6 தேர்தலோடு சபைகளில் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். இப்படி ஒரு காலம் திரும்பி வந்தால் அவர்கள் கையில் எங்கள் பழைய கடிதம் கிடைக்கக்கூடாது என்பதற்காகத்தான், அன்றைக்கு இருந்த வழிகளை இப்போது ஆறுதலாக எடை போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. கடையைத் திறக்கும் திறப்பு சபையிடம் இல்லை. தொற்றுக் காலத்தில் பூட்டுவதும் திறப்பதும் 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடப்பது. நாடு முழுவதற்கும் சுகாதார சேவைகள் பணிப்பாளர் நாயகம், ஊர் மட்டத்தில் எம்.ஓ.எச். எனப்படும் சுகாதார வைத்திய அதிகாரி. முகக்கவசம் போடாவிட்டால் 10,000 ரூபா வரை தண்டம் என்று 2020 ஒக்டோபரில் வந்த வர்த்தமானியும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். சபைக்கோ 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம். வியாபார அனுமதிப் பத்திரம், சலூன்களுக்கான துணைவிதிகள், சபையின் சொந்தக் கடைத்தொகுதி வாடகை, இவைதான் அதன் கையில் இருப்பவை. சிறிய கைதான். ஆனால் தன் கையில் இருப்பதை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பவனுக்கும் வெறும் தீர்மானத்தோடு வருபவனுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முழுதாகப் பூட்டி வைத்து நிவாரணம் கேட்பது முதல் வழி. 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு போட்டபோது இதைத் தவிர வேறு வழி இருந்ததாக நான் நினைக்கவில்லை. நோய் எப்படிப் பரவுகிறது என்றே தெளிவில்லாத நேரம். அப்போது 'பார்லரைத் திற' என்று எந்தச் சபையாவது கேட்டிருந்தால் நானே சிரித்திருப்பேன். பிரச்சினை நிவாரணத்தின் அளவில் இருந்தது. 2020 ஏப்ரலிலும் மேயிலும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 5,000 ரூபா. 2021 ஓகஸ்ட் ஊரடங்கில் 2,000 ரூபா. வன்னியில் பார்லர் நடத்துகிற பெண்களில் பலர் போருக்குப் பிறகு அழகுக்கலைப் பயிற்சி எடுத்து, சுயதொழில் கடனில் ஒரு கதிரையும் கண்ணாடியும் வாங்கித் தொடங்கியவர்கள். வீட்டில் உழைக்கிற ஒரே ஆளும் அவர்களாகவே இருப்பார்கள். கடை வாடகை, கடன் தவணை, பெட்டிக்குள் திகதி முடிகிற சாயமும் கிறீமும். இதற்கு 2,000 ரூபா எந்த மூலைக்கு? எங்கள் அக்காவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. பட்டியல் எடுக்க வந்தவர் ஷட்டருக்கு மேலிருந்த போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கடை இருக்குத்தானே" என்றாராம்.

ஆகவே 'பூட்டு, நிவாரணம் கொடு' என்பது கடதாசியில் நல்ல வழி. நிவாரணம் வராத இடத்தில் அது பாதி வழி. பாதி வழியில் விடப்பட்டவர் என்ன செய்வார் என்பதைத்தான் அந்த ஸ்கூட்டி காட்டியது.

வீடு வீடாகப் போய் வேலை செய்வதை யாரும் ஒரு வழியாக எழுதி வைக்கவில்லை. நடந்தது என்னவோ அதுதான். ஒரு அமர்வில் கேட்ட கதை: ஒரு உறுப்பினர், "கடை பூட்டித்தானே கிடக்கு, பெண்டுகள் வீட்டை போய்ச் செய்துகொள்ளட்டும், அது பாதுகாப்பு" என்றாராம். பலர் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் கொஞ்ச நாள் நினைத்தேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டில் பார்த்த பிறகுதான் என் எண்ணம் மாறியது. பதிவுத் திருமணத்துக்கு ஒரு பிள்ளையைத் தயார்ப்படுத்த அக்கா வந்திருந்தார். வெளியே தெரியக்கூடாது என்று ஜன்னல் எல்லாம் சாத்தியாயிற்று. சின்ன அறை. நடுவில் கதிரையில் பிள்ளை, சுற்றி மாமி, சித்தி, இரண்டு மச்சாள்மார், கட்டிலில் எண்பது வயது அம்மம்மா. பிள்ளை முடிந்ததும், "எனக்கும் கொஞ்சம் புருவத்தைத் திருத்தி விடுங்கோ" என்று சித்தி உட்கார்ந்தார். பிறகு மச்சாள். நடுவில் எல்லோருக்கும் தேத்தண்ணி. யாருடைய முகக்கவசமும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அங்கேயிருந்து அக்கா இன்னொரு வீட்டுக்குப் போனார். கடையில் என்றால் வாசலில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதுகிற கொப்பி இருக்கும், கை கழுவ ஒரு குழாய் இருக்கும், பி.எச்.ஐ. எனப்படும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்த நேரமும் எட்டிப் பார்க்கலாம். இந்த அறைக்குள் எந்தப் பி.எச்.ஐ. வருவார்?

இந்த இடத்தில் அமெரிக்காவில் மிசூரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரக் கதையைச் சொல்ல வேண்டும். 2020 மே மாதம் அங்கே ஒரு சலூனில் இரண்டு முடிதிருத்துநர்களுக்குக் கொரோனா. அறிகுறி தொடங்கிய பிறகும் இருவரும் சில நாள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். 139 வாடிக்கையாளர்கள். அந்த நகர சபை காத்திருக்கும் இடத்தில் இருக்கைகளைக் கால்வாசியாகக் குறைத்திருந்தது, முகக்கவசத்தைப் பரிந்துரைத்திருந்தது. சலூனோ அதைக் கட்டாயமாக்கியிருந்தது. தலை வெட்டுபவரும் போட வேண்டும், வெட்டிக்கொள்பவரும் போட வேண்டும். அந்த 139 பேரில் ஒருவருக்கும் அறிகுறி தெரியவரவில்லை. பரிசோதனைக்குச் சம்மதித்த 67 பேருக்கும் தொற்று இல்லை. ஆனால் முதலாமவரோடு நெருங்கிப் பழகிய நாலு பேருக்கு, வீட்டார் உட்பட, தொற்றியது. கூட வேலை செய்த மற்றவருக்கும் வந்தது; வாடிக்கையாளர் இல்லாத இடைவேளைகளில் இருவரும் முகக்கவசம் இல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

கதிரையில் பரவவில்லை, வீட்டிலும் ஓய்வு நேரத்திலும் பரவியிருக்கிறது. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், தேத்தண்ணி நேரம்.

இதை வைத்துப் 'பார்த்தீர்களா, சலூன் பாதுகாப்பு' என்று நான் குதிக்கப் போவதில்லை. அது 2020இன் வைரஸ். 2021 ஓகஸ்டில் இங்கே ஓடியது டெல்டா, அதைவிட வேகமானது. அதோடு ஒரு சலூனின் கதையில் உலகத்தை அளக்கவும் முடியாது. ஆனால் திறந்த கடைக்கும் ஜன்னல் சாத்திய வீட்டு அறைக்கும் இடையில் எதைத் தெரிவு செய்வது என்று கேட்டால், திறந்த கடை என்பேன். இரண்டிலும் வேலை நடக்கிறது. ஒன்றில் மட்டும்தான் விதி போட முடியும்.

எல்லாவற்றையும் திறக்கக் கேட்பது அடுத்த வழி. நாங்கள் கேட்டது இதைத்தான், ஆகவே சுருக்கமாக முடிக்கிறேன். பேசியல் ஒரு மணி நேரம், முகக்கவசம் கழற்றியாக வேண்டும், இருவருக்கும் இடையில் ஒரு சாண். அதை டெல்டா காலத்தில் அனுமதிக்கச் சொல்லி ஒரு எம்.ஓ.எச்.சிடம் கேட்பது எங்களுக்கே நியாயமாகப் படவில்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. கலிபோர்னியாவில் சமூகத்துக்குள் பரவிய முதல் தொற்று ஒரு நக அலங்காரக் கடையில் தொடங்கியது என்று ஆளுநர் கவின் நியூசம் 2020 மே 7ஆம் திகதி சொன்னார். அந்த ஒரு வசனம் முழுத் தொழிலின் தலையிலும் விழுந்தது. இங்கே ஒரு பார்லரில் ஒரு தொற்று வந்து, அது முகநூலில் ஏறினால், அந்தக் கடைக்கு மட்டுமில்லை, வரிசையில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் அதோடு சரி.

அதே கலிபோர்னியா 2020 ஜூலையில் இன்னொரு வழி கண்டுபிடித்தது: கதிரையைத் தூக்கி வெளியே போடு. ஆண்களுக்கு இது புதிதில்லை. மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டுத் தலை வெட்டியதை என் அப்பா தலைமுறை பார்த்திருக்கிறது. பெண்கள் பார்லருக்கு அது சரிவராது. வீதியால் போகிறவர் பார்க்க, தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார முறிகண்டியிலோ மல்லாவியிலோ யார் வருவார்? போதாததற்குச் சோழகக் காற்று, புழுதி. சாயம் காய முன் தலை செம்மண்ணாகிவிடும்.

தமிழ்நாட்டில் செய்ததில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. 2020 மே 19ஆம் திகதி கிராமப் பகுதிச் சலூன்களை முதலில் திறந்தார்கள். 24ஆம் திகதி சென்னை தவிர்ந்த நகரங்கள். சென்னை கடைசியாக. எங்கே நெருக்கம் குறைவோ அங்கே முதலில். பிறகு வருபவரின் ஆதார் இலக்கத்தை எழுதச் சொன்னது கொஞ்சம் அதிகம்தான், தலை வெட்ட அடையாள அட்டையா! எங்கள் கொப்பியே போதும். ஆனால் இடத்துக்கு இடம் பிரித்தது சரியான யோசனை. வன்னி முழுவதையும் ஒரே கயிற்றால் கட்ட முடியாது. வவுனியா நகரிலும் கரைச்சிப் பிரதேச சபைக்குள் வரும் கிளிநொச்சி நகரிலும் அழகு நிலையங்கள் வரிசையாக இருக்கின்றன. மாந்தை கிழக்கிலோ துணுக்காயிலோ விரல் விட்டு எண்ணலாம். அங்கே ஒரு கடையில் நாளுக்கு நாலு பேர் வந்தாலே பெரிய காரியம். இரண்டு இடத்துக்கும் ஒரே பூட்டு.

இடையில் ஒன்று சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. 2021இல் நாங்கள் ஒற்றைக் கதிரைக் கடையைப் பூட்டியிருந்த நாட்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு அனுமதி இருந்தது. விடிய ஐந்தரைக்கு ஏ9 வீதியில் பஸ் நிறையப் பிள்ளைகள் போவார்கள். ஏற்றுமதி, அந்நியச் செலாவணி, விளங்குகிறது. ஒழுங்கு முறை வைத்தால் ஆயிரம் பேரை உள்ளே விடலாம் என்றால், ஒழுங்கு முறை வைத்து ஒருவரை உள்ளே விட முடியாதா?

அந்த ஒழுங்கு முறைதான் நான் கடைசியாக வைக்கும் வழி: அரைவாசி திறப்பது. கேட்க இலகு, எழுதக் கஷ்டம். எந்த அரைவாசி என்று தொழில் செய்பவரிடம் கேட்டால்தான் தெரியும். நான் அக்காவிடம் உட்கார்ந்து ஒவ்வொரு வேலையாகக் கேட்டேன்.

முடி வெட்டுவது: பின்னாலும் பக்கத்திலும் நின்று செய்வது, இருவரும் முகக்கவசம் போட்டபடி முடிக்கலாம். காதோரம் வரும்போது மட்டும் கயிற்றைக் கழற்றி, வாடிக்கையாளர் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். சாயம் பூசுவது: அதுவும் முடியும், ஆனால் பூசிவிட்டு அரைமணி நேரம் உள்ளே உட்கார வைக்காமல் வீட்டில் போய்க் கழுவச் சொல்ல வேண்டும். பேசியல், மேலுதட்டு முடி எடுப்பது: கூடாது. மணப்பெண் அலங்காரம்: இதில்தான் உண்மையான வருமானம், இதில்தான் முகம் முழுக்கத் திறந்திருக்கும். 2021இல் கல்யாண வைபவங்களுக்கான தடை ஆவணி பிறந்த கையோடு வந்தது, பதிவு மட்டும் நடத்தலாம். அப்படியான பதிவுக்கு, பெண்ணுக்கு மட்டும், அன்று காலை அன்டிஜன் சோதனை எடுத்துவிட்டு அலங்கரிக்கலாம் என்று கேட்டிருக்கலாம். தனியார் இடங்களில் அந்தச் சோதனைக்கு 2,000 ரூபாவுக்கு மேல் வாங்கக்கூடாது என்று அந்த ஓகஸ்டிலேயே அரசு உச்ச விலை போட்டிருந்தது. மணப்பெண் கட்டணத்துக்குள் அதை அடக்கிவிடலாம். மாமிக்கும் சித்திக்கும் கிடையாது.

புருவம் திருத்துவதை நான் இலகுவான பக்கத்தில் போட்டிருந்தேன். முகக்கவசம் மூக்கையும் வாயையும் மூடும், புருவம் மேலே இருக்கிறது, என்ன பிரச்சினை? அக்கா சிரித்தார். நூலின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துத்தானே இழுப்பது. வாடிக்கையாளர் போட்டிருப்பார், செய்பவருக்கு வாய் திறந்திருக்க வேண்டும், அதுவும் அவர் முகத்துக்கு நேர் மேலே. சுகாதார அமைச்சின் எந்தச் சுற்றறிக்கையை எழுதியவருக்கு இது தெரிந்திருக்கும்?

பிறகு இடம். பெண்கள் பார்லர் என்றால் கண்ணாடிக் கதவு, தடித்த திரை, ஏசி. மறைவு வேண்டும் என்பதற்காகக் காற்றை அடைத்து வைத்திருக்கிறோம். ஏசியை நிறுத்திவிட்டுப் பின்சுவரில் ஒரு எக்ஸோஸ்ட் ஃபேன் போட்டு, வாசலில் கதவைத் திறந்துவிட்டுத் திரையை மட்டும் விட்டால் மறைவும் கெடாது, காற்றும் ஓடும். முன்பே தொலைபேசியில் நேரம் குறித்து, ஒருவர் போன பிறகு ஒருவர். காத்திருக்கும் வாங்கை வெளியே தூக்கிவிட வேண்டும். துவாய் ஆளுக்கு ஒன்று. கத்தரிக்கோலையும் சீப்பையும் எழுபது வீத ஸ்பிரிட்டால் துடைக்கலாம், குளோரினில் ஊற வைத்தால் கத்தரிக்கோல் கறள் கட்டிவிடும். தேத்தண்ணி இல்லை. இதைச் சொன்னபோது அக்காவின் முகம் கொஞ்சம் வாடியது. வருகிறவருக்கு ஒரு பிளேன்ரீ கொடுக்காமல் அனுப்புவது வன்னியில் யாருக்கும் வராத பழக்கம்.

இந்த வழியின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். வெட்டும் சாயமும் மட்டும் ஒரு பார்லரைத் தூக்கி நிறுத்தாது. வாடகைக்குக் காணும், கடன் தவணைக்குக் காணாது. அங்கேதான் சபையின் சொந்தக் கை வர வேண்டும். பூட்டியிருந்த மாதங்களுக்கான அனுமதிக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பது, சபைக் கடைத்தொகுதியில் இருப்பவர்களுக்கு அந்த மாத வாடகையைத் தள்ளுபடி செய்வது. சபைக்கு நட்டம்தான். ஆனால் ஒரு பிரதேச சபைக்குள் இந்தத் தொழில் செய்யும் கடைகளை எண்ணிப் பார்த்தால் அது தாங்க முடியாத நட்டமாக இராது. சோதனைக்கு ஆள் இல்லை என்பது அடுத்த சாட்டு. ஒரு பி.எச்.ஐ.க்கு எத்தனையோ கிராமம், உண்மை. சபையின் வருமானப் பரிசோதகர் எப்படியும் அனுமதிப் பத்திரம் பார்க்கக் கடை கடையாகப் போகிறவர். வாங்கு வெளியே கிடக்கிறதா, கொப்பி எழுதியிருக்கிறதா என்று பார்த்து எம்.ஓ.எச். பணிமனைக்கு அறிவிக்க அவரால் முடியாதா?

தொற்று வந்தால் என்ன என்ற கேள்விக்கும் பதில் எழுதித்தான் கொடுக்க வேண்டும். கிராம அலுவலர் பிரிவு தனிமைப்படுத்தப்பட்டால் அந்தப் பிரிவுக் கடை தானாகப் பூட்டும், மற்றப் பிரிவுகள் ஓடும். கடைக்காரிக்கே தொற்றென்றால் 14 நாள் பூட்டு, அந்த நாட்களுக்கு உலருணவுப் பொதி. தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு அப்போது 10,000 ரூபா பெறுமதியான பொதி கொடுத்தார்கள். அது நேரத்துக்கு வரும் என்று தெரிந்தால்தான் காய்ச்சல் வந்தவர் காய்ச்சல் என்று சொல்லுவார். இல்லாவிட்டால் இரண்டு பனடோலைப் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுப்பார்.

ஆகவே என் தெரிவு: தொற்றின் முதல் வாரங்களில், ஒன்றும் தெரியாத நேரத்தில், முழுப் பூட்டு. அப்போது சபை கேட்க வேண்டியது நிவாரணமும் வாடகைத் தள்ளுபடியும் மட்டும்தான். ஒரு மாதம் தாண்டியும் பூட்டு நீண்டால், அரைவாசித் திறப்பு, சனம் குறைந்த பிரிவுகளில் முதலில். தடுப்பூசி வந்த பிறகு என்றால் செய்பவருக்கு இரண்டும் போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வீடு வீடாகப் போவதை எந்த நிலையிலும் ஆதரிக்கக்கூடாது. கண்டும் காணாமல் விடுவதும் ஆதரவுதான்.

இதை இப்போதே துணைவிதியாகவோ, வருட இறுதிப் பாதீட்டில் ஒரு வரியாகவோ போட்டு வைக்கலாம். 'தொற்றுக் காலத்தில் சுகாதாரப் பகுதியின் பணிப்பில் பூட்டப்பட்ட மாதங்களுக்கு அனுமதிக் கட்டணம் அறவிடப்படாது.' ஒரு வரி. டிசம்பர் அமர்வில் யாராவது வாசித்தால் போதும், எதிர்த்துக் கை உயர்த்தப் போகிறவர் யாரும் இருக்கமாட்டார்.

இந்தக் கட்டுரையை அக்காவுக்கு வாசித்துக் காட்டப் போனேன். கடையில் ஒரு பிள்ளை புருவம் திருத்த உட்கார்ந்திருந்தாள். அக்கா நூலின் நுனியைப் பல்லால் கடிக்கவில்லை. கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாகப் போட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சாய்த்து இழுத்துக்கொண்டிருந்தார். முகக்கவசக் காலத்தில் யூரியூப்பில் பார்த்துப் பழகினாராம். பல்லுக்கும் நல்லதாம்.

"அப்ப அதையும் எழுது தங்கச்சி. புருவத்தையும் அவையள் விடலாம்."